சுகர் இருக்கிறது, சரி... எந்த வகை சுகர்?

26 வயது, ஒல்லியான உடம்பு. இரண்டு மாதமாக அடங்காத தாகம், ராத்திரியில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பரிசோதித்தால் சர்க்கரை 340. இப்படி ஒருவர் வந்தால் சுகர் என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அது டைப் 1-ஆ, டைப் 2-ஆ, இரண்டும் இல்லாத வேறொன்றா என்று அந்த 340 சொல்லாது. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-யும் சொல்லாது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் அவற்றுக்குத் தெரியும், ஏன் ஏறியது என்பது தெரியாது.

பிள்ளைகளுக்கு வந்தால் டைப் 1, பெரியவர்களுக்கு வந்தால் டைப் 2 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்களிடம் இது அடிக்கடி பொய்த்துப்போகும். பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு டைப் 1 என்று தெரிந்தது 1997-இல், 30 வயதை ஒட்டி, சர்வதேசப் போட்டிகளில் பந்து வீசிக்கொண்டிருந்த காலத்தில். நம் ஊரிலோ டைப் 2 முப்பதுக்கு முன்னாலேயே, பெரிதாக எடை இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஆளைப் பார்த்து வகை சொல்வது அதனால்தான் இங்கே கூடுதல் ஆபத்து.

ரத்தத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு: கணையத்தின் பீட்டா செல்களை உடம்பே தாக்குகிறதா, அந்தச் செல்கள் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கின்றன.

முதலாவதற்கு ஆன்டிபாடி பரிசோதனை. டைப் 1-இல் நோய் எதிர்ப்பு அமைப்பு பீட்டா செல்களைப் பகையாக நினைத்து அழிக்கிறது, அந்தத் தாக்குதலின் தடயமாக ஆன்டிபாடிகள் ரத்தத்தில் சுற்றும். பெரியவர்களுக்கு முதலில் பார்ப்பது ஜிஏடி என்ற ஆன்டிபாடி. அது நெகட்டிவ் என்றால் ஐஏ-2, ஸிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 என்ற மற்ற இரண்டு. எல்லாமே நெகட்டிவ் என்றாலும் டைப் 1 இல்லை என்று ஆகிவிடாது, பெரியவர்களில் டைப் 1 உள்ள நூறு பேரில் 5 முதல் 10 பேருக்கு இவை எதுவுமே தென்படாது.

இரண்டாவதற்குத்தான் சி-பெப்டைட், எனக்கு மிகவும் அழகாகத் தோன்றும் பரிசோதனை இது. பீட்டா செல் இன்சுலினை நேராகச் செய்வதில்லை. 86 அமினோ அமிலங்கள் கொண்ட புரோஇன்சுலின் என்ற நீண்ட சங்கிலியைச் செய்து, நடுத்துண்டை வெட்டி எடுக்கிறது. இரு பக்கமும் மிஞ்சுவது இன்சுலின், வெட்டிய 31 அமினோ அமிலத் துண்டு சி-பெப்டைட். இந்தச் சங்கிலியை 1967-இல் கண்டறிந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்டைனர். ஒரு இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைட், கணக்கு தப்பாது.

இன்சுலினையே அளந்தால் என்ன? சுரந்ததில் பாதியைக் கல்லீரல் வழியிலேயே எடுத்துக்கொள்ளும், மீதியும் சில நிமிடங்களில் கரைந்துவிடும், போதாததற்கு ஊசியில் போட்ட இன்சுலினும் கணக்கில் கலந்துவிடும். தோப்பில் உரித்த தேங்காய் உடனே வண்டியேறிவிடும், மட்டை களத்தில் கிடக்கும். கடையில் உரித்து வாங்கி வந்த தேங்காய்க்கு மட்டையே இருக்காது. அந்த மட்டைதான் சி-பெப்டைட். ஊசி மருந்துக் குப்பியில் அது கிடையாது, அதனால் ரிப்போர்ட்டில் வரும் எண் முழுக்க நோயாளியின் சொந்தக் கணையத்தினுடையது.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு சி-பெப்டைட் மில்லிலிட்டருக்கு 0.6 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் டைப் 1 பக்கம் சாயலாம், 1.8-க்கு மேல் என்றால் டைப் 2 பக்கம், ஏனென்றால் அதில் இன்சுலின் சுரக்கும், உடம்புதான் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காது. நடுவில் நின்றால் கொஞ்ச காலம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆனால் எடுக்கும் நேரம் முக்கியம். ரத்தம் எடுக்கும்போது சர்க்கரை தாழ்ந்திருந்தால் நல்ல கணையமும் சும்மா இருக்கும், சி-பெப்டைட் குறைவாகவே காட்டும், அதனால் கூடவே சர்க்கரையையும் அளக்க வேண்டும். நோய் தெரிந்த புதிதில் இன்னும் குழப்பம்: டைப் 1-இல் பீட்டா செல்கள் கொஞ்சம் மிஞ்சியிருப்பதால் எண் நன்றாகவே வரலாம், டைப் 2-இல் அளவுக்கு மீறிய சர்க்கரையே செல்களைத் தற்காலிகமாக முடக்கி எண்ணைக் குறைத்துவிடலாம். சில வருடம் போன பிறகுதான் இந்தப் பரிசோதனை நம்பகமாகப் பேசும்.

ஆன்டிபாடி இல்லை, சி-பெப்டைட் நன்றாக இருக்கிறது, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இளவயதிலேயே சுகர் என்றால் ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் மோடி (MODY) என்ற வகையை நினைக்க வேண்டும். அதை உறுதிசெய்வது மரபணுப் பரிசோதனை. கோளாறு ஹெச்என்எஃப்1ஏ மரபணுவில் என்றால், கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை குறைந்த அளவிலேயே பிரமாதமாக வேலை செய்யும், டைப் 1 என்று நினைத்து வருடக்கணக்கில் ஊசி போட்டவர்கள்கூட மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரைக்கு மாறியிருக்கிறார்கள். குளுக்கோகைனேஸ் மரபணுவில் என்றால் கர்ப்ப காலம் தவிர மருந்தே பெரும்பாலும் தேவைப்படாது.

அந்த 26 வயதுக்காரருக்கு வருவோம். ஜிஏடி ரிசல்ட் வர நாளாகும், அதுவரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கீட்டோன் பார்க்க வேண்டும், இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள் அது. எடை இப்படி இறங்கி கீட்டோனும் இருந்தால் இன்சுலின் அன்றைக்கே தொடங்கும். பின்னால் டைப் 2 என்று தெரிந்தால் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறிக்கொள்ளலாம். டைப் 1-காரரை வெறும் மாத்திரையில் விட்டால், ஒரு காய்ச்சலோ வாந்தியோ வந்த நாளில் கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் ஆகி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.