போஸ்ட்மார்ட்டம்: செத்தது ஒரு பொருள் என்றால் தமிழில் என்ன சொல்வது?

லத்தீனில் ‘போஸ்ட்’ என்றால் பின், ‘மார்ட்டெம்’ என்றால் சாவு. சேர்த்தால் ‘செத்த பிறகு’, அவ்வளவுதான். அறுப்பதும் ஆராய்வதும் அந்தச் சொல்லிலேயே கிடையாது. ஆங்கிலத்தில் ‘செத்த பிறகு செய்யும் பரிசோதனை’ என்று முழுசாகச் சொல்லிவந்தது தேய்ந்து, முன்பாதி மட்டும் நின்றுவிட்டது. தேர்தலில் தோற்ற கட்சிக்கு டீக்கடையில் நடப்பதும் போஸ்ட்மார்ட்டம்தான், சந்தையில் படுத்துவிட்ட பொருளை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று கம்பெனிக்காரர்கள் தேடுவதும் போஸ்ட்மார்ட்டம்தான்.

‘பிரேதப் பரிசோதனை’ செய்தித்தாள் வழக்கு, பிரேதம் வடசொல். பிணக்கூறாய்வு, உடற்கூறாய்வு இரண்டும் நல்ல தமிழ், ஆனால் ஒரு செல்போனுக்கு ஒட்டாது. என் ஓட்டு ‘தோல்விக் கூறாய்வு’க்கு. சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டி விற்கிறார்களே, அந்தக் கூறு: பங்கு, பகுதி. (‘கூறுகெட்டவன்’ என்று திட்டும்போது அதே சொல்லுக்கு அறிவு என்று பொருள். அதுவும் இங்கே பொருந்தத்தான் செய்கிறது.)

சாம்சங் கேலக்ஸி நோட் 7 செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஆகஸ்ட்டில் விற்பனைக்கு வந்தது, தீப்பிடித்தது, செப்டம்பர் 2 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஒரு சப்ளையரின் பேட்டரிதான் கோளாறு என்று முடிவுகட்டி, இன்னொரு சப்ளையரின் பேட்டரி போட்ட மாற்றுப் போனைக் கொடுத்தார்கள்; அதுவும் எரிந்தது, அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அப்புறம்தான் சுமார் 700 பேரை உட்காரவைத்து, 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்தார்கள். 2017 ஜனவரியில் வெளியான முடிவு: முதல் பேட்டரியில் மேல் மூலையில் இடம் போதாமல் உள்ளே மின்முனைத் தகடு வளைந்திருந்தது, இரண்டாவதில் வெல்டிங் பிசிறு, இரண்டு மின்முனைகளும் ஒட்டாமல் பிரித்துவைக்கும் நடுப்படலத்தைத் துளைத்திருந்தது. இரண்டும் வேறு வேறு கோளாறு! செப்டம்பரில் நடந்தது லத்தீன் போஸ்ட்மார்ட்டம், செத்த பிறகு ஏதோ ஒன்று. கூறாய்வு ஜனவரியில்தான் வந்தது.

பழியைச் சப்ளையர்மேல் போட்டுவிட்டு சாம்சங்காரர்கள் நழுவவில்லை, பேட்டரி எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கு கொடுத்ததும் நாங்கள்தான், வெளியிடும் முன் கண்டுபிடிக்காமல் விட்டதும் நாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு பேட்டரிக்கு எட்டுக் கட்டச் சோதனை கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரே அதில் ஒன்று. பேட்டரியைப் பிரித்தே பார்ப்பது இன்னொன்று.