டவர் காலும் சுற்றியுள்ள மண்ணும்

எமரால்டு பக்கம் மின்கம்பி டவர்களின் அடித்தளத்தைச் சரிசெய்யும் வேலை நடந்தபோது, கேரட் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து குழியை எட்டிப் பார்த்தார். "டவரு நல்லாத்தானே நிக்குது, அடியில எதுக்குங்க நோண்டறீங்க?"

நியாயமான கேள்வி. நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1932-ல். குந்தா திட்டம் 1960-களில். பழைய லைன்களில் மேலே பெயின்ட் அடித்து, போல்ட் முறுக்கி வைத்திருப்போம். கோளாறு தரைமட்டத்தில் இருக்கும். ஆங்கிள், அதாவது காலின் L வடிவ இரும்பு, கான்கிரீட்டுக்குள் இறங்கும் கழுத்தில் தண்ணீர் தேங்கி, இரும்பு செதில் செதிலாக உரியும். சுத்தியலால் தட்டினால் சத்தமே சொல்லிவிடும்.

காற்று அடிக்கும்போது ஒரு பக்கத்துக் கால்கள் அமுங்கும். காற்று வரும் பக்கத்துக் கால்கள் பிடுங்கிக்கொண்டு மேலே வரப் பார்க்கும். அதைத் தடுப்பது கான்கிரீட்டின் எடை மட்டுமல்ல, அதன்மேல் கெட்டித்துக் கிடக்கும் மண்ணும்தான். ஒரு காலைத் தோண்டினால் அதன் பிடியையே எடுத்துவிடுகிறோம். ஆகவே எல்.சி. (லைனில் மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி) வாங்கி, டவரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்டி, ஒரு நேரத்தில் ஒரே கால். கான்கிரீட் இறுகி, மண் இடித்து நிரப்பும்வரை அடுத்த காலில் கடப்பாறை படக்கூடாது. ஒப்பந்தக்காரர்களோடு நான் சண்டை போட்டதெல்லாம் பெரும்பாலும் இதற்குத்தான்.

லைன் மேலேறிப் புல்வெளிக்குள் போனால் அதே மண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கறுத்த மேல்மண் பஞ்சுபோல மழையைக் குடித்து, கீழே சோலை ஓடைக்கு மெல்ல விடும். அதைப் புல்லோடு பாளம் பாளமாக வெட்டி, ஈரச்சாக்கு போர்த்தித் தனியே அடுக்குவோம். அடிமண் வேறு குவியல். இரண்டையும் கலந்து மூடினால் அடுத்த மழைக்கே அரித்து ஓடும். வெறுமையான இடத்தில் சீகை மரம் (வாட்டில் என்னும் வெளிநாட்டு மரம்) முளைக்கும். சிமென்ட் கழுவிய தண்ணீர் சதுப்புப் பக்கம் போகவே கூடாது, அந்தக் காரம் தலைப்பிரட்டைகளைக் கொன்றுவிடும். ராத்திரி குழியைச் சுற்றி வேலி அவசியம்; காட்டெருமைக்கு நம் ஷிப்ட் நேரம் தெரியாது.

ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடித்தாக வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் கொட்டியது. சரிவில் திறந்து கிடக்கும் குழி அந்த மழையில் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

பெரியவரின் பாத்தி பக்கத்து டவர் கால்வரை வந்திருந்தது. கரையை வெட்டிச் சமன் செய்ததில் இடுப்பளவு மண் போயிருந்தது. காட்டினேன். "எங்கப்பா காலத்துல வெட்டினதுங்க" என்றார்.

உங்கள் தோட்டத்திலும் டவர் இருந்தால் காலருகே மண் வெட்டாதீர்கள். புதைந்திருந்த கான்கிரீட் வெளியே தெரிந்தாலோ, காலைச் சுற்றி வெடிப்பு விட்டாலோ மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள். நீங்களே மண் கொட்டி மூடவும் வேண்டாம். ஈரமண் ஆங்கிள்மேல் ஏறினால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.