ஃபார்மட் போடும் முன் ஒரு க்ளீன் பூட் செய்து பாருங்கள்

"ஃபார்மட் போட்டுக் கொடுத்துடுங்கண்ணே." டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் சொல்வதே இதுதான். என்ன கோளாறு? எக்செல் தானாக மூடிக்கொள்கிறது, ஏதோ ஒரு புரோகிராம் பாதி நிறுவும்போது பிழை காட்டி நிற்கிறது. இதற்காகவா பிள்ளைகளின் படங்களோடு எல்லாவற்றையும் அழிப்பது? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள்.

"போன தடவை ஃபார்மட் போட்டதும் சரியாச்சே" என்பார்கள். சரியானது போலத்தான் இருக்கும். பிழைக்குக் காரணமான புரோகிராம் அப்போது கணினியில் இல்லை, அவ்வளவுதான். பிறகு பழைய பிரின்டர் சிடியைப் போடுவீர்கள், இரண்டாவது ஆன்டிவைரஸை ஏற்றுவீர்கள், காவடி நோட்டீஸ் அடிக்கப் பல வருடத்துக்கு முந்தைய தமிழ் டைப்பிங் மென்பொருளை மறுபடி நிறுவுவீர்கள். அதே பிழை அப்படியே திரும்பி வரும். இந்தப் பழைய டைப்பிங் மென்பொருள்களைக் கொஞ்சம் சந்தேகியுங்கள். எந்தப் புரோகிராமில் நீங்கள் தட்டினாலும் ஒவ்வொரு எழுத்தையும் இடைமறித்து மாற்றுவதுதான் அவற்றின் வேலை. விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

க்ளீன் பூட் எதையும் அழிக்காது. வெளியார் புரோகிராம்கள் பின்னணியில் ஓடாமல் விண்டோஸை மட்டும் எழுப்புகிறது. சேஃப் மோட் வேறு. அதில் கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர்களே பெரும்பாலும் ஏறாது.

தேடல் பெட்டியில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தட்டித் திறந்து, சர்வீசஸ் பக்கத்துக்குப் போங்கள். பின்னணியில் ஓடும் புரோகிராம்களின் பட்டியல் அது. முதலில் கீழே உள்ள 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' கட்டத்தில் டிக் போடுங்கள். இதை விட்டுவிட்டு 'டிசேபிள் ஆல்' அழுத்தினால் நெட்வொர்க், ஒலி எல்லாம் படுத்துவிடும். டிக் போட்ட பிறகு மிஞ்சும் பட்டியலை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் 'டிசேபிள் ஆல்'. அடுத்து டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் இயங்குவதாகக் காட்டும் ஒவ்வொன்றையும் நிறுத்துங்கள். பூட் பக்கத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். அங்கே 'சேஃப் பூட்' டிக் விழுந்தால், அதை எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே எழும். பின் நம்பர் ஏற்காமல் பாஸ்வேர்டு தெரியாமல் தவிக்கவும் நேரும்.

பிறகு ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து திரும்பப் போடுவது இதற்கு ஈடாகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் விண்டோஸின் உட்பகுதியை வட்டில் சேமித்துவைத்து அப்படியே மீட்கிறது. டச்பேட், ஒலி விசைகள் சில வேலை செய்யாமல் போகலாம். பயப்படாதீர்கள், தற்காலிகம்தான்.

பிழை போய்விட்டதா? பட்டியலில் பாதியை மட்டும் இயக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிழை வந்தால் ஆள் அந்தப் பாதியில், வராவிட்டால் மறு பாதியில். 32 சர்வீஸ் இருந்தாலும் 5 ரீஸ்டார்ட்டில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பொழுதைக் கழிக்காதீர்கள். சர்வீசஸ் எல்லாம் தேறினால் ஸ்டார்ட்அப் பட்டியலிலும் இதே முறைதான்.

க்ளீன் பூட்டிலும் பிழை தொடர்ந்தால் பின்னணியில் ஓடும் வெளியார் புரோகிராம்களைக் குறை சொல்ல முடியாது. லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டில் மின்சாரம் திடீரென்று போன பிறகு தொடங்கிய கோளாறு என்றால், விண்டோஸின் கோப்புகளோ வட்டோ கெட்டிருக்கலாம். படங்களைப் பிரதியெடுத்துக்கொண்டு அப்போது கொண்டுவாருங்கள். பேட்டரி செத்த லேப்டாப்பையும் மேசைக் கணினியையும் யூபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

குற்றவாளி கிடைத்ததும் முதலில் அதை நீக்குங்கள், அல்லது புதிய பதிப்பை நிறுவுங்கள். அப்புறம்தான் ஜெனரல் பக்கத்தில் 'நார்மல் ஸ்டார்ட்அப்'. ஸ்டார்ட்அப் பட்டியலில் நிறுத்தியவை தானாகத் திரும்பாது. ஆன்டிவைரஸ், பேக்கப் இரண்டையும் மறக்காமல் கையால் இயக்கிவிடுங்கள்.