காஷ்மீர் குருவியின் வழியைப் பகல் காட்டிக்கொடுக்கும்

பனிக்காலத்தில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போனால், கழுத்தில் தொலைநோக்கியோடு அண்ணாந்து பார்த்தபடி மெதுவாக நடக்கிறவர்களைக் காணலாம். அவர்களில் பலர் தேடுவது சிட்டுக்குருவியைவிடச் சிறிய ஒரு பறவையை. ஆணுக்கு நெஞ்சு செங்கல் நிறம், இரு ஓரமும் கறுப்புக் கரை. கிளையில் இருந்து வாலை வெடுக்கென்று தூக்கும், பூச்சியைக் கண்டதும் பாயும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று பெயர். ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் கடந்து ஒக்டோபரில் வரும், மார்ச் கடைசியில் திரும்பும்.

குளிர் தாங்காமல் வருகிறது என்றுதான் நினைப்போம். ஆனால் ஜனவரி விடியற்காலையில் நுவரெலியாவிலும் உறைபனி விழுகிறது. புல் வெள்ளையாகிக் கிடக்கும், கொழுந்து கருகிப்போகும். குளிருக்குப் பயந்த பறவை இந்த ஊரைத் தேடி வருமா? அதை விரட்டுவது பசி. பனிமூடிய காஷ்மீரில் பூச்சி கிடைக்காது, இங்கே கிடைக்கும். சரி, அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாமே? கோடையில் காஷ்மீரில் பூச்சி பெருகும், பகலும் 14 மணி நேரத்துக்கு மேல் நீளும். நம் மலையில் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணி நேரம்தான். குஞ்சுக்கு இரை தேடும் தாய்க்கு அந்தக் கூடுதல் நேரம் பெரிய வரம்.

இப்படிப்பட்ட பயணங்களை அறிய முதலில் உதவியது கால்வளையம். 1899இல் டென்மார்க்கில் மோர்டென்சன் என்ற ஆசிரியர் மைனா இனப் பறவைகளுக்கு எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டினார். ஆனால் வளையம் சொல்வது, மாட்டிய இடத்தையும் மறுபடி அகப்பட்ட இடத்தையும் மட்டுமே. இடைப்பட்ட வழி தெரியாது.

அதற்கு வந்ததுதான் ஒளிப்பதிவி. ஒரு கடிகாரம், ஒரு வெளிச்ச உணரி, துளி பற்றரி, அவ்வளவுதான். பறவையின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டக் கூடாது என்பது ஆய்வாளர்களின் கட்டுப்பாடு. பத்துக் கிராம் குருவி என்றால் அரைக் கிராம்! அதைக் குருவியின் முதுகில் கட்டிவிட்டால், எப்போது விடிந்தது, எப்போது இருட்டியது என்று நாள்தோறும் குறித்துக்கொள்ளும். பகலின் நீளம் வடக்கா தெற்கா என்று காட்டும்: டிசம்பரில் இங்கே பதினொன்றே முக்கால் மணி நேரப் பகல், காஷ்மீரில் பத்து மணி நேரத்தை ஒட்டித்தான். விடியலுக்கும் அந்திக்கும் நடுப்புள்ளியான உச்சிப்பொழுது கிழக்கா மேற்கா என்று காட்டும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. அதனால் சிறீநகரில் நம்மைவிடச் சுமார் 24 நிமிடம் பிந்தித்தான் சூரியன் உச்சிக்கு வரும். இந்த இரண்டையும் சேர்த்தால் இடம் கிடைத்துவிடும். வெறும் வெளிச்சத்தை வைத்து இவ்வளவு சொல்ல முடிவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஒரு சிக்கலும் உண்டு. மார்ச் 21, செப்டெம்பர் 23 வாக்கில் உலகமெங்கும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். வடக்கு தெற்குக் கணக்கு அப்போது குழம்பிவிடும். பல பறவைகள் புறப்படுவதும் அந்த நாட்களில்தான். அடர்ந்த புதர் நிழலும் நம் மலையில் இறங்கும் கடும் மூடுபனியும் விடியலைப் பிந்திக் காட்டும். அதையெல்லாம் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வலசை போகும் வண்ணத்துப்பூச்சிக்கோ இந்த அரைக் கிராமே பெரும் பாரம். அதன் இறகிலுள்ள ஐதரசனைச் சோதிப்பார்கள். புழுவாக இருந்தபோது தின்ற இலை எந்த வட்டாரத்து மழையில் வளர்ந்தது என்பது அதில் பதிந்திருக்கும்.

ஒளிப்பதிவி தானாக எதையும் அனுப்பாது, திரும்பக் கழற்றி எடுக்க வேண்டும். நல்லகாலமாக, வலசை வரும் பறவைகள் பல, போன வருடம் இருந்த அதே இடத்துக்கே திரும்பி வருகின்றன. அதை நம்பித்தான் ஆய்வாளர்கள் அடுத்த பருவத்திலும் அதே புதரோரம் வலை விரித்துக் காத்திருக்கிறார்கள்.