மலைச்சாலையின் வெள்ளைக் கோடுகளைத் தானோட்டி வண்டி எப்படிப் பார்க்கிறது?

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 744-ஐ எடுத்துக்கொள்வோம். தானாக ஓடும் வண்டி ஒன்றில், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா. அதன் குவியத் தூரம் 1,000 பிக்ஸல்; அதாவது ஒரு மீட்டர் தூரத்தில் உள்ள ஒரு மீட்டர் அகலப் பொருள் படத்தில் 1,000 பிக்ஸல் (படப்புள்ளி) அகலமாகத் தெரியும். சாலையில் 10 செ.மீ. அகலத்துக்கு வெள்ளைக்கோடு. பத்து மீட்டர் முன்னால் அந்தக் கோடு படத்தில் 10 பிக்ஸல் அகலம். ஐம்பது மீட்டரில் வெறும் 2 பிக்ஸல். சமதரையிலேயே 50 மீட்டருக்கும் 100 மீட்டருக்கும் இடைப்பட்ட சாலை முழுவதும் 13 பிக்ஸல் வரிசைகளுக்குள் நசுங்கிவிடும். தானோட்டி வண்டிக்குத் தடம் காட்டுவதில் உள்ள சிரமம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பழைய முறையில், வெளிச்சம் சட்டென மாறும் விளிம்புகளைப் பிரித்தெடுத்து அவற்றில் நேர்கோடுகளைத் தேடுவார்கள். புளியரை வயல்களுக்கு நடுவே போகும் நேர்ச்சாலையில் அது போதும். மலையேறியதும் மர நிழலும் தார் ஒட்டுப்போட்ட தடமும் விளிம்பாகவே தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனி விதி எழுதி மாளாது.

இப்போதைய முறையில் நியூரல் நெட்வொர்க், அதாவது மாதிரிப் படங்களைப் பார்த்துத் தானே விதியைக் கற்கும் கணினி நிரல், ஒவ்வொரு பிக்ஸலையும் ‘கோடு’ அல்லது ‘கோடு இல்லை’ என்று வகைப்படுத்தக் கற்கிறது. இதில் இரண்டு இடர்கள். கணக்கு வேகமாக நடக்கப் படத்தை உள்ளே எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால், அந்த 2 பிக்ஸல் கோடு கால் பிக்ஸலாகிக் கரைந்துவிடும். மேலும், படத்தில் மிகச் சிறு பங்குதான் கோடு. எல்லா இடத்திலும் ‘இல்லை’ என்று சொன்னாலே பிழை குறைவாகத் தெரியும். அதனால்தான் 2018-இல் வந்த எஸ்சிஎன்என் என்ற நெட்வொர்க், கோடில்லாத பின்னணியில் வரும் பிழைக்குப் பயிற்சியில் தரும் எடையை 0.4 ஆகக் குறைத்தது. அதோடு மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், இடம் வலமாக என ஒரு வரிசையின் தகவலை அடுத்த வரிசைக்குக் கடத்தியது. லாரி மறைத்த இடத்திலும் கோடு தொடர்கிறது என்று ஊகிக்க அது உதவியது.

அந்த ஊகம், பயிற்சிப் படங்களில் கோடு எங்கே என்று கையால் குறிப்பவர்களைப் பொறுத்தது. எம்-சாண்ட் லாரி நடுக்கோட்டை மறைத்துக்கொண்டு நின்றால், குறிப்பவர் லாரிக்கு ஊடாகவே கோட்டை இழுக்க வேண்டும். பம்பரோடு நிறுத்தினால், ‘வண்டி வந்தால் கோடு முடிந்துவிடும்’ என்றுதான் நெட்வொர்க் படிக்கும்.

2020-இல் இன்னொரு வழி வந்தது: குறிப்பிட்ட சில கிடைவரிசைகளில் மட்டும் ‘கோடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?’ என்று கேட்பது. படக் கணக்குகளை வேகமாகச் செய்யும் ஜிபியூ சில்லில் நொடிக்கு 300 படங்களுக்கு மேல் ஓடியது. கொண்டை ஊசி வளைவில் இது தடுமாறும். அங்கே கோடு படத்தின் குறுக்கே ஏறக்குறைய படுத்தவாக்கில் போகும். ஒரே வரிசையில் பல விடை இருக்கும், அடுத்த வரிசையில் ஒன்றுமே இருக்காது. 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பு நெடுவரிசைகளையும் சேர்த்துக்கொண்டது.

பிக்ஸலை மீட்டராக மாற்றும்போதுதான் மலைச்சாலையில் அதிகம் அடிவாங்குகிறோம். வழக்கமான கணக்கு சாலை தட்டையானது என்று நம்புகிறது. ஒரு பள்ளத்தில் வண்டியின் மூக்கு ஒரே ஒரு பாகை ஆடினால் படம் 17 பிக்ஸல் நகரும். 50 மீட்டரில் உள்ள புள்ளி, மூக்கு தூக்கினால் 30 மீட்டரில் இருப்பதாகவும், அமுங்கினால் 150 மீட்டரில் இருப்பதாகவும் கணக்காகும். ஏற்றம் இறக்கம் மாறும் இடத்திலும் இதே கதைதான். தொடுவானத்தை ஒவ்வொரு படத்திலும் புதிதாக மதிப்பிட வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்ப, வண்டிக்கு முன்னால் உள்ள முதல் 25 மீட்டரை மட்டுமே நம்புவது நல்லது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அது 3 நொடிப் பயணம்.

ஜூன் மாதம் மழை பிடித்ததும் இரவில் நிலைமை இன்னும் மோசம். சாலைப் பெயின்ட்டில் தூவிய கண்ணாடி மணிகள்தான் ஹெட்லைட் வெளிச்சத்தை நம் பக்கம் திருப்புகின்றன. அவற்றின்மேல் நீர்ப்படலம் மூடினால் வெளிச்சம் முன்னோக்கிச் சிதறி, கோடு மறைந்துவிடும். அதே ஈரத் தாரில் எதிரே வரும் லாரியின் விளக்கு நீண்ட வெள்ளைக் கீற்றாக விழும். நெட்வொர்க் அதைக் கோடு என்று பிடித்துக்கொள்ளும். ஒரு படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். பெயின்ட் கோடு தரையோடு ஒட்டியது. கீற்று லாரியோடு நகர்வது. எனவே அடுத்தடுத்த படங்களையும் வண்டியின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பொதுப் படத்தொகுப்புகளில் சோதித்து ஒரு நெட்வொர்க் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. டுசிம்பிள் தொகுப்பின் 6,408 படங்கள் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் எடுத்தவை. 20 பிக்ஸல் வரை விலகினாலும் சரி என்று ஏற்கும் அளவுகோல் அது. நம் கேமராவில் 50 மீட்டர் தூரத்துக்கு 20 பிக்ஸல் என்பது ஒரு முழு மீட்டர். சியூலேன் தொகுப்பில் 1,33,235 படங்கள் உண்டு, ஆனால் அவை பெய்ஜிங் சாலைகள். இரண்டு நாட்டிலும் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுபவை.

உள்ளூர்த் தரவு சேர்க்கும்போது படங்களைக் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கக் கூடாது. அடுத்தடுத்த படங்கள் ஏறக்குறைய ஒன்றே என்பதால் சோதனை பொய்யாக இனிக்கும். புளியரை எஸ் வளைவில் பயிற்சி கொடுத்தால் போடிமெட்டில் சோதிக்க வேண்டும். பகலில் கொடுத்தால் மழை இரவில். கோடே அழிந்துபோன துண்டுகளும் அதில் இருக்க வேண்டும். அங்கே சரியான விடை ‘கோடு தெரியவில்லை, சாலை ஓரத்தைப் பிடி’ என்பதுதான். கோட்டைத் தவறவிட்டால் வண்டி வேகத்தைக் குறைக்கலாம். இல்லாத கோட்டைக் கண்டால் அதன் பின்னாலேயே போய்விடும்.