கள்ளும் கருவிலுள்ள பிள்ளையும்

சாராயம்தான் கூடாது, கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி என்ற பேச்சை மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் கேட்கலாம். இங்குள்ள தமிழ்ப் பெண்களில் பெரும்பாலானோர் மதுவைத் தொடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் தவறணைப் பக்கம் போகாத வீட்டுக்குள்ளும் கள்ளு வருவதுண்டு. அதைக் குடிவகையாகவே எண்ணாததால், மாசமாக இருப்பவர் ஒரு குவளை குடித்தாலும் யாரும் தடுப்பதில்லை.

சுண்ணாம்பு தடவாத முட்டியில் பாளைச்சாறு சொட்டத் தொடங்கும்போதே மதுவம் என்ற நுண்ணுயிர் அதிலுள்ள சீனியை மதுசாரமாக மாற்றத் தொடங்கிவிடுகிறது; வெண்ணுரை தள்ளி இறக்கப்படும் கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ 5 வீதம் இருக்கும். அப்படியானால் அரை லீற்றர் கள்ளில் உள்ளது சுமார் 20 கிராம் மதுசாரம். 33 வீதச் சாராயம் 60 மில்லிலீற்றரில் இருப்பதோ சுமார் 16 கிராம்தான். எது குளிர்ச்சி, எது சூடு என்ற கணக்கு இரத்தத்துக்குத் தெரியாது.

தாயின் இரத்தமும் சிசுவின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. சூல்வித்தகத்தின் (நச்சுக்கொடியின்) மெல்லிய படை இரண்டையும் பிரித்து வைக்கிறது. பல கிருமிகளையும் பெரிய மூலக்கூறுகளையும் தடுக்கும் அந்தப் படையை, நீரிலும் கொழுப்பிலும் கரையக்கூடிய மிகச் சிறிய மூலக்கூறான மதுசாரம் தடையின்றிக் கடந்துவிடுவதால், ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் சிசுவின் இரத்தத்திலும் அதன் அளவு தாயின் அளவை நெருங்குகிறது. தாயின் ஈரல் அதை நொதியங்களால் உடைத்துத் தீர்க்கும். சிசுவின் ஈரலில் அந்த நொதியங்கள் மிகக் குறைவு. போதாததற்கு, சிசு கழிக்கும் சிறுநீர் பனிக்குட நீரில் சேர, அதே நீரைச் சிசு மறுபடியும் விழுங்குகிறது. தாய்க்கு வெறி தெளிந்த பின்னரும் பிள்ளை மதுசாரத்தில் மிதந்துகொண்டிருப்பது இதனால்தான்.

பிரான்சின் நாந்து நகரில் போல் லெமுவான் என்ற வைத்தியர் 1968இல் தாய் குடித்த மதுசாரத்தால் கருவிலேயே நேரும் பாதிப்பை 127 பிள்ளைகளிடம் கண்டு விவரித்தார். 1973இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் அதே அடையாளங்களைக் கண்டு அதற்குக் கரு மதுசார நோய்த்தொகுதி (Fetal Alcohol Syndrome) என்று பெயரிட்ட பின்னரே உலகம் கவனித்தது. சிறிய கண் திறப்பு, மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மழுங்கியிருத்தல் ஆகியவை முகத்தில் தெரியும் குறிகள். கரு தரித்த மூன்றாம், நான்காம் வாரங்களில் முகத்தை ஆக்கப் புறப்படும் கலங்களில் பல மதுசாரத்தால் இறந்துபோவதே இதற்குக் காரணம். மாதவிலக்குத் தள்ளிப்போய் ஓரிரு வாரம்தான் ஆகியிருக்கும் காலம் அது. குடும்பநல மாதுவிடம் நேரத்தோடு பதிவு செய்பவருக்குக்கூட அந்த வாரங்கள் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.

இருந்தும், "இனி நிறுத்தி என்ன பயன்" என்று நினைப்பது தவறு. முகம் சில வாரங்களில் உருவாகி முடிய, மூளையோ பிறக்கும்வரை, அதற்குப் பின்னரும் வளர்கிறது. வளரும் நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சைகைகளை மதுசாரம் அடக்கிவிட, சைகை கிடைக்காத கலங்கள் தாமாகவே அழிந்துபோகின்றன. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையும் சில பிள்ளைகளில் குறுகியோ இல்லாமலோ போகிறது. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அதற்குப் பின்னர் வளரும் பகுதி தப்பும். இவ்வளவு குடித்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை. நாள்தோறும் மதுவுக்குப் பழகியவர் மட்டும் சடுதியாக நிறுத்தாமல் வைத்தியரின் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும், ஏனெனில் திடீர் நிறுத்தம் வலிப்பை உண்டாக்கக்கூடும்.

பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு முகத்தில் எந்தக் குறியும் இருப்பதில்லை. அப்பிள்ளை தரம் மூன்றில் இன்று ஏழாம் வாய்ப்பாட்டைத் தடையின்றிச் சொல்லும், நாளை மறந்து நிற்கும்; மூன்று வேலைகளை ஒன்றாகச் சொன்னால் முதலாவதைச் செய்துவிட்டு விழிக்கும். ஒவ்வொன்றாகச் சொல்லி, நாள்தோறும் ஒரே ஒழுங்கில் பழக்கினால் முன்னேற்றம் உண்டு. அடியும் ஏச்சும் எதையும் மாற்றுவதில்லை. ஆனால் முகக்குறி இல்லாதபோது காரணத்தைக் கண்டறிய வைத்தியருக்குத் தேவைப்படுவது, தாய் கர்ப்ப காலத்தில் குடித்தாரா என்ற தகவல். கிளினிக்கில் மாமியார் பக்கத்தில் இருக்கக் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு, குடித்தவரும் "இல்லை" என்றே சொல்லியிருப்பார்.