நாலு பேரோடு உட்கார்ந்தால் நாலு வாய் கூடுதல்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் நண்பர்கள் கூடுவது வழக்கம். ஒருவர் நீர்வண்ணம் தீட்டுவார், ஒருவர் குரோஷா பின்னுவார், மற்ற இருவரும் பழைய பாட்டுகளைச் சேர்ந்து பாடிப் பார்ப்பார்கள். எட்டரை மணிக்கு ஹாட்பாக்ஸ் நிறைய இட்லியும் தக்காளிச் சட்னியும் மேசைக்கு வரும். தனியாக உண்ணும் இரவுகளில் மூன்று இட்லியோடு கை கழுவிவிடும் நான், அப்படியொரு சனிக்கிழமையில் ஆறாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பதைத் தற்செயலாகக் கவனித்தேன். பசி கூடியிருக்கவில்லை, மாவும் வழக்கமாக வாங்கும் அதே கடை மாவுதான்.

இந்த வேறுபாட்டை முதலில் விரிவாக அளந்தவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் டி காஸ்ட்ரோ. 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், 63 பேர் ஏழு நாள்களுக்குத் தாம் உண்டது, குடித்தது, உடனிருந்தவர் எத்தனை பேர் என அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதி வந்தனர். பிறரோடு உண்ட வேளைகளின் அளவு, தனியே உண்ட வேளைகளைவிடச் சராசரியாக 44 சதவீதம் அதிகமாக இருந்தது. 1992-இல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் தலைகளை எண்ணிப் பிரித்துப் பார்த்தபோது, தனியே உண்பதைவிட, உடன் ஒருவர் இருந்தால் 33 சதவீதமும், இருவர் இருந்தால் 47 சதவீதமும் கூடுதலாகவும், ஏழு பேரோ அதற்கு மேற்பட்டோரோ இருந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்காகவும் உணவு உள்ளே போவது தெரிந்தது. விருந்து என்றாலே சமையல் தடபுடலாக இருக்கும், அதனால்தான் இந்த உயர்வு என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் காலை உணவு, மதிய உணவு, வீடு, உணவகம் என்று எப்படிப் பிரித்தாலும் இதே போக்கு தொடர்ந்தது. கோழிகள்கூட இதற்கு விலக்கில்லை: வயிறு நிறையத் தின்று ஒதுங்கிய கோழியின் அருகில் பசித்த கோழியை விட்டால், முதல் கோழி மீண்டும் கொத்தத் தொடங்கும் என்பது 1920-களிலேயே பதிவான செய்தி.

இதற்கான காரணங்களில் எனக்கு மிகவும் வலுவானதாகப் படுவது நேரம். தனியாக உண்பவர் பத்துப் பதினைந்து நிமிடங்களில் எழுந்துவிடுகிறார். நண்பர்களோடு உண்பவருக்கு எழுந்திருக்க மனம் வருவதில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா பிளைனரும் குழுவினரும் 2006-இல் நேரத்தையும் உடனிருப்போரின் எண்ணிக்கையையும் பிரித்துச் சோதித்தனர். சிலரைத் தனியாகவும், சிலரை இருவராகவும், சிலரை நால்வராகவும் உட்கார வைத்து, ஒரு பகுதியினருக்கு 12 நிமிடங்களும் மறு பகுதியினருக்கு 36 நிமிடங்களும் கொடுத்தார்கள். உண்ட அளவை நிர்ணயித்தது கொடுத்த நேரமே. நேரம் சமமாக இருந்தபோது தலைகளின் எண்ணிக்கை பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றலாம். மெதுவாக உண்டால் குறைவாக உண்போம் என்றுதானே மருத்துவர்கள் சொல்கிறார்கள்? இரைப்பை விரிவடையும் செய்தியை வேகஸ் நரம்பு மூளைக்கு எடுத்துச் செல்வதும், உணவு சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின், ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் சுரந்து போதும் என்ற உணர்வைத் தூண்டுவதும் உண்மையே. அவற்றுக்குச் சிறிது அவகாசம் தேவை என்பதும் உண்மையே. ஆனால் ஒவ்வொரு வாயையும் நிதானமாக மெல்வது வேறு, மெல்வதை முடித்த பின்னும் ஹாட்பாக்ஸின் முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது வேறு. போதும் என்ற செய்தி வந்து சேர்ந்தாலும் அது கையைக் கட்டிப்போடுவதில்லை. பேச்சில் மூழ்கியிருக்கும் மனம் அதைப் பாதி கேட்டும் கேளாமலும் இருக்க, கை தன்பாட்டில் சட்னியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தக் கை எப்போது நீள்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இருவர் இருவராக அமர்ந்து உண்ட இளம்பெண்களின் 70 இணைகளைப் படம்பிடித்து, 3,888 வாய்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டனர். எதிரில் இருப்பவர் ஒரு வாய் எடுத்த ஐந்து விநாடிகளுக்குள் தாமும் எடுப்பது, தம் போக்கில் எடுப்பதைவிட அதிகமாக நிகழ்ந்தது. உணவின் தொடக்கத்தில் இந்தப் பின்பற்றல் கூடுதலாகவும் முடிவில் குறைவாகவும் இருந்தது. நம் ஊர்ப் பந்தியை நினைத்துப் பாருங்கள்: சாம்பார் வாளி ஒரு முனையிலிருந்து நகர்ந்து வரும், வரிசை முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சாம்பாரிலிருந்து ரசத்துக்கும் ரசத்திலிருந்து மோருக்கும் போகும், பக்கத்து இலைக்காரர் முடிக்கும்வரை எழக்கூடாது என்ற மரியாதை வேறு உட்கார வைத்திருக்கும். ஆய்வகத்தில் தனித்தனியாகக் கண்ட நேரமும் தாளமும் பந்தியில் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

உணவகத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அந்தச் சுவையின் மீதுள்ள ஆசை மட்டும் மங்கும், வேறு சுவையின் மீதுள்ள ஆசை பெரும்பாலும் அப்படியே இருக்கும் என்பதை 1981-இல் பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் காட்டினர். பரோட்டாவைப் பார்க்கவே முடியாத நிலையிலும் ஜிகர்தண்டாவுக்கு இடம் கிடைப்பது இதனால்தான். நண்பர்கள் கூடினால் மேசையில் சுவைகளின் எண்ணிக்கை தானாகவே பெருகுகிறது. முதலாமவர் நெய் ரோஸ்ட் என்று சொல்லிவிட்டால் அடுத்தவருக்கு அதையே சொல்லச் சற்றுக் கூச்சம். டான் ஏரியலியும் ஜொனாதன் லெவாவும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மதுக்கூடம் ஒன்றில் ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டுச் சொல்லி பீர் வரவழைத்தவர்கள் ஏற்கெனவே சொல்லப்பட்டவற்றைத் தவிர்க்க முனைந்தார்கள். பிறர் அறியாமல் எழுதிக் கொடுத்தவர்களைவிடக் குறைவான நிறைவையே அடைந்தார்கள். முதலில் சொன்னவருக்கு மட்டும் அந்தக் குறை இல்லை. பிடித்ததை உண்ண வேண்டுமானால் சர்வர் வந்ததும் முந்திக்கொள்வது நல்லது.

பில் வரும் விதமும் அளவை மாற்றுகிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடந்து 2004-இல் வெளிவந்த ஒரு சோதனையில், ஆறு ஆறு பேராக உணவகத்தில் அமர்த்தப்பட்டவர்களுள், அவரவர் கணக்கை அவரவரே கொடுத்தவர்கள் சராசரியாக 37.3 ஷெக்கலுக்கும், சமமாகப் பங்கிட்டவர்கள் 50.9 ஷெக்கலுக்கும், பணமே கொடுக்கத் தேவையில்லாதவர்கள் 82.3 ஷெக்கலுக்கும் உண்டனர். பங்கிடும்போது, நான் கூடுதலாக வரவழைக்கும் தட்டின் விலையில் ஆறில் ஒரு பங்குதான் என் பையிலிருந்து போகும். ஆனால் அந்த ஆறு பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்பதை மறக்கக்கூடாது. ‘நீ விடு, நான் கொடுக்கிறேன்’ என்று பில்லைப் பிடுங்கிக்கொள்ளும் நண்பர் கூட்டத்துக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த நான் துணிய மாட்டேன்.

உண்மையில், அறிமுகம் இல்லாதவர் உடனிருப்பதும் நண்பர் உடனிருப்பதும் ஒன்றல்ல. 2006-இல் மரியன் ஹெதரிங்டனும் குழுவினரும் 37 பேரை வைத்து நடத்திய சோதனையில், தனியாக உண்டதோடு ஒப்பிடும்போது நண்பர்களோடு 18 சதவீதமும் தொலைக்காட்சியின் முன் 14 சதவீதமும் உணவு கூடியது. அறிமுகமில்லாதவர்களோடு உண்டபோது அப்படிக் கூடவில்லை. 42 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த மதிப்பீடும் இதையே உறுதிப்படுத்தியது. நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற எண்ணம் வந்துவிட்டால் வாய் தானாகவே சுருங்கும். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் தட்டிலேயே ஆறிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவைப்படாது.

உணவை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் சேர்ந்து ஒன்றைச் செய்வதன் விளைவு தெரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்களையும், கைவினை வகுப்பிலும் படைப்பிலக்கிய வகுப்பிலும் சேர்ந்தவர்களையும் ஏழு மாதங்கள் பின்தொடர்ந்தனர். பாடியவர்களிடையே நெருக்கம் மிக விரைவாக உண்டாயிற்று. ஏழாம் மாதத்தில் மூன்று வகுப்பினரும் ஒரே அளவு நெருங்கியிருந்தனர். பாட்டில் மூச்சும் சொல்லும் ஒரே தாளத்தில் செல்ல வேண்டும், குரோஷா ஊசியோ அவரவர் கையில் அவரவர் வேகத்தில் நகர்கிறது என்பது வேகத்தில் தெரிந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் பாடுகிற இருவரும் இரண்டாம் சந்திப்பிலேயே ஒருமையில் பேசத் தொடங்கிவிட்டார்கள். குரோஷா பின்னுபவரும் ஓவியரும் ‘வாங்க, போங்க’ என்பதிலிருந்து இறங்க ஓர் ஆண்டு பிடித்தது.

சென்ற மாதம் நான் ஒரு சிறு சோதனை செய்தேன். ஹாட்பாக்ஸை மேசைக்குக் கொண்டுவராமல், தட்டுகளில் பரிமாறிவிட்டு அதைச் சமையலறை மேடையிலேயே விட்டுவிட்டேன். பேச்சு வழக்கம்போல நீண்டது, நானும் நான்கு இட்லியோடு நின்றேன். ஒன்பதரை மணி வாக்கில் ஓவியர் எழுந்து போய், ஹாட்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் நடுவில் வைத்துவிட்டார்.